நெடுஞ்சாலையில் சேரும் அந்தப் பத்து வினாடிகள்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த புதிதில் இருக்கும் பயங்கள் பெரும்பாலும் ஒரு மாதத்தில் போய்விடும். மேட்டில் கிளட்ச் பிடிப்பது, குறுகலான இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் பழகிவிடும். நெடுஞ்சாலையில் சேர்வது மட்டும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. பக்கத்துச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தவர், சில வினாடிகளில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிகளுக்கு நடுவே போய்ச் சேர வேண்டும். அதைச் செய்யும்போது முன்னாலும் பார்க்க வேண்டும், பின்னாலும் பார்க்க வேண்டும். உள்ளங்கை வியர்ப்பதில் ஆச்சரியமே இல்லை.

நான் ஓட்டப் பழகிய முதல் மாதத்தில், சேரும் தடத்தின் (நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடி அதில் போய்க் கலக்கும் தடம்) கடைசிவரை போய் வண்டியை நிறுத்திவிட்டேன். நெடுஞ்சாலையில் வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் எல்லாரும் போகட்டும், நாம் அப்புறம் போகலாம் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் வந்த கார்க்காரர், நான் போய்விடுவேன் என்று நம்பி, தலையைத் திருப்பிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். டயர் தேயும் சத்தம் கேட்டது. என் பின் பம்பருக்கு ஓரடி தூரத்தில் அவருடைய கார் நின்றது. அவர் இறங்கி வந்து திட்டவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தெரிந்த அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு நான் நின்றதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்தவருக்கு வழிவிட்டேன் அல்லவா! ஆனால் வேகமாக ஓடும் சாலையில் மரியாதைக்கு அர்த்தம் வேறு. நாம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது மற்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவர்கள் எதிர்பார்ப்பதுபோலவே நாமும் நடக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும்

இதில் முதலில் தெளிவு வேண்டும். பொதுவாக, நெடுஞ்சாலையில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவருக்குத்தான் முன்னுரிமை. சேர வருபவர்தான் இடம் பார்த்து, வேகம் பொருத்தி உள்ளே வர வேண்டும். பிரிட்டனின் சாலை விதிக் கையேட்டில் 259வது விதி இதையே சொல்கிறது: சாலையில் இருப்பவருக்கு முன்னுரிமை கொடு, உன் வேகத்தை அவர்கள் வேகத்தோடு பொருத்து, முழு வெள்ளைக் கோட்டைத் தாண்டாதே, சேர்ந்தவுடனே முந்தப் போகாதே. ஜெர்மனியின் சாலைச் சட்டத்திலும் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையின் பிரதான தடத்தில் போகும் வண்டிக்குத்தான் முன்னுரிமை.

ஆனால் எல்லா இடத்திலும் அமைப்பு ஒன்றாக இருக்காது. ஆஸ்திரேலிய விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தடத்துக்கும் பக்கத்துத் தடத்துக்கும் நடுவே விட்டுவிட்டு வரும் கோடு இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டுபவர் வழிவிட வேண்டும். கோடே இல்லாமல் இரண்டு வரிசைகள் ஒன்றாகக் குறுகினால், யாருடைய வண்டி கொஞ்சமாவது முன்னால் இருக்கிறதோ அவர் முதலில் போவார். இன்னும் சில இடங்களில் சேரும் தடம் முடியவே முடியாது. அது கூடுதல் தடமாக நெடுஞ்சாலையோடு தொடர்ந்து போகும். அங்கே அவசரப்பட்டு உள்ளே பாய வேண்டிய தேவையே இல்லை, உங்கள் தடத்திலேயே நேராகப் போகலாம். ஆகவே உள்ளே நுழைவதற்கு முன்பே பலகையையும் தரையில் போட்டிருக்கும் கோட்டையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் ஓட்டும் நாட்டின் விதிப் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது வீட்டிலேயே படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சட்டப்படி பொறுப்பு சேருபவருடையது என்பதால் சாலையில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. அவருக்கும் வேலை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வண்டி நகரும் முன்பே: கண்ணாடி

நிறையப் பேர் பக்கக் கண்ணாடியில் தங்கள் காரின் பின்கதவு பெரிதாகத் தெரியும்படி வைத்திருப்பார்கள். தன் வண்டியைத் தானே பார்த்து என்ன பயன்? உள்கண்ணாடியில் தெரிவதே பக்கக் கண்ணாடியிலும் தெரியும், நடுவில் ஒரு கார் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மறைவிடம் உருவாகிவிடும். ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995இல் இதை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கி, எளிய வழி ஒன்றும் சொன்னார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தலையைத் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தொடுமளவுக்குச் சாய்த்து, அந்தப் பக்கக் கண்ணாடியில் காரின் ஓரம் லேசாகத் தெரியும்வரை வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். மறுபக்கத்துக் கண்ணாடிக்கு, காரின் நடுப்பகுதிக்குத் தலையைச் சாய்த்து அதையே செய்ய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தபின் உங்கள் கார் கண்ணாடியில் தெரியாது, பக்கத்துத் தடம்தான் தெரியும். உள்கண்ணாடியை விட்டு நழுவும் வண்டி பக்கக் கண்ணாடியில் வந்து நிற்கும்.

முதல் இரண்டு நாள் ஒருமாதிரியாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி வைத்தாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. கண்ணாடியில் விழாத இடத்தில் ஒரு பைக் தாராளமாக ஒளிந்திருக்கலாம்.

வளைவில் பொறுமை, நேரானதும் வேகம்

நெடுஞ்சாலைக்கு ஏறும் இணைப்புப் பாதை பெரும்பாலும் வளைந்துதான் வரும். வளைவுக்கு என்று பலகையில் ஒரு வேகம் போட்டிருப்பார்கள், அதை மதியுங்கள். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி வெளிப்பக்கம் இழுக்கும், மழை நாளில் வழுக்கவும் செய்யும். வளைவு முடிந்து ஸ்டியரிங் நேரானதும்தான் வேகமெடுக்கும் நேரம்.

இங்கேதான் புதியவர்கள் தயங்குகிறார்கள். "மெதுவாகப் போனால் பாதுகாப்பு" என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்திருக்கும். தெருவில் அது சரி. சேரும் தடத்தில் சரியில்லை. ஒரு கணக்கு பார்ப்போம். நெடுஞ்சாலையில் வண்டிகள் 100இல் போகின்றன. நீங்கள் 60இல் உள்ளே நுழைகிறீர்கள். பின்னால் 60 மீட்டர் தூரத்தில் ஒரு கார் வருகிறது. வேக வித்தியாசம் 40 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 11 மீட்டர். ஐந்தரை வினாடியில் அவர் உங்கள் பம்பரில் இருப்பார். அவர் பிரேக் அடித்தே ஆக வேண்டும். அதே இடத்தில் நீங்கள் 90இல் நுழைந்திருந்தால்? வித்தியாசம் 10 கிலோமீட்டர்தான். அவர் உங்களை நெருங்கவே 20 வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்களும் 100ஐத் தொட்டுவிடுவீர்கள். பிரேக்கில் அவர் கால் வைக்க வேண்டிய அவசியமே வராது.

வேகமெடுக்க இடமும் வேண்டும். நடுத்தரமான ஒரு கார் நன்றாக அழுத்தி ஓட்டினால் 40இலிருந்து 100ஐத் தொட ஏறக்குறைய 8 வினாடியும் 160 மீட்டரும் எடுத்துக்கொள்ளும். நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏசியும் சேர்ந்தால் 200 மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே தடத்தின் முதல் பாதியைச் சும்மா உருட்டிக் கழித்துவிட்டு, கடைசியில் அவசரப்படாதீர்கள். கியர் வண்டி என்றால் ஐந்தாவதில் போட்டுக்கொண்டு முக்கவிடாமல் மூன்றிலேயே வைத்து இழுங்கள். இன்ஜின் கொஞ்சம் கத்தும், கத்தட்டும். அது கெட்டுப்போகாது.

இண்டிகேட்டரையும் இந்தக் கட்டத்திலேயே போட்டுவிடுங்கள். நுழையும் நொடியில் போடும் இண்டிகேட்டரால் யாருக்கும் பயனில்லை. "நான் வரப்போகிறேன்" என்று சாலையில் இருப்பவருக்குச் சொல்வதற்குத்தான் அது. அவர் யோசிக்க நாலைந்து வினாடியாவது கொடுங்கள்.

முன்னால் போகும் வண்டியை மறக்காதீர்கள்

என் கதையில் பின்னால் வந்தவருக்கு நேர்ந்தது இதுதான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். சேரும் தடத்தில் உங்களுக்கு முன்னால் ஒரு வண்டி இருந்தால், அதன் ஓட்டுநர் தயங்கி நின்றுவிடலாம். நீங்களோ அந்த நேரம் பார்த்துத் தோள் பக்கம் திரும்பியிருப்பீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி தலையைத் திருப்பினால் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். ஐந்து கார் நீளம். இவ்வளவு தூரத்தை நீங்கள் முன்னால் பார்க்காமலேயே கடக்கிறீர்கள்.

இதற்கு ஒரே மருந்து, இணைப்புப் பாதையில் ஏறும்போதே முன்வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி வருவது. நெடுஞ்சாலையில் இரண்டு வினாடி இடைவெளி என்று சொல்வார்கள், இங்கே நான் மூன்று, நான்கு விடுவேன். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. முன்னால் போவது பாரம் ஏற்றிய லாரி என்று வையுங்கள். அது 60ஐத் தாண்டவே தடம் முழுக்க எடுத்துக்கொள்ளும். அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனால் நீங்களும் 60இல்தான் நுழைவீர்கள். தள்ளி வந்திருந்தால், லாரி முன்னே போய்ச் சேர்ந்த பிறகு உங்களுக்கென்று வேகமெடுக்க ஒரு ஓட்டம் மிச்சமிருக்கும். பின்னால் வருபவர் பொறுமையில்லாமல் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

பார்வையைச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொள்ளுங்கள். முன்னால், கண்ணாடி, முன்னால், தோள், முன்னால். ஒவ்வொன்றும் அரை வினாடிக்குள். இரண்டு வினாடி பின்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

இடைவெளியைப் பிடிப்பது

இப்போது நுழையும் கட்டம். இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் நீங்கள் இடது ஓரத்திலிருந்து சேருவீர்கள், ஆகவே வலது தோள் பக்கம் பார்க்க வேண்டும். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் நேர்மாறு. மற்றதெல்லாம் ஒன்றுதான்.

ஒரு தடவை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வளைவு முடிந்துவிட்டது. வேகம் 45. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. காலை அழுத்துகிறீர்கள். நெடுஞ்சாலை இன்னும் கொஞ்சம் மேட்டில் இருந்தால் ஜன்னல் வழியாகவே வண்டிகள் தெரியும்: ஒரு வெள்ளைக் கார், கொஞ்சம் விட்டு ஒரு லாரி, அதன் பின்னால் நல்ல இடைவெளி, அப்புறம் ஒரு சிவப்புக் கார். 60. உங்கள் மனதில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: "லாரிக்குப் பின்னால், சிவப்புக் காருக்கு முன்னால்." வண்டிகளைப் பார்க்காமல் வண்டிகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தைப் பாருங்கள். அதுவும் உங்களோடு ஓடிக்கொண்டிருக்கும் இடம்தான். 75. கண்ணாடியில் ஒரு பார்வை: லாரி உங்களைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் ஒரு பார்வை, தடம் காலி. 85. தோள் பக்கம் ஒரு பார்வை: லாரியின் பின்சக்கரம் உங்கள் ஜன்னலைக் கடக்கிறது, பக்கத்தில் பைக் எதுவும் இல்லை. சிவப்புக் கார் பின்னால் நிதானமாக வருகிறது, கண்ணாடியில் சட்டென்று பெரிதாகவில்லை. பெரிதாகிக்கொண்டே வந்தால் அவர் உங்களைவிட நிறைய வேகம். அப்படியே இருந்தால் வேகம் பொருந்திவிட்டது. 92. ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினால் போதும், வண்டி சாய்வாக வழிந்து உள்ளே போய்விடும். உடைத்துத் திருப்பக் கூடாது. உள்ளே வந்ததும் இண்டிகேட்டரை அணைத்துவிடுங்கள். சேரும்போது திருப்பம் குறைவு என்பதால் அது தானாக அணையாமல் அடித்துக்கொண்டே இருக்கும், பின்னால் வருபவர் நீங்கள் அடுத்த தடத்துக்கும் போகப்போவதாக நினைப்பார்.

எவ்வளவு இடைவெளி போதும்? 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடி என்பது 56 மீட்டர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சேர்த்து நாலு வினாடி இடைவெளி கிடைத்தால் அருமை. நெரிசல் நேரத்தில் அது கிடைக்காது. இருக்கும் இடத்தில் வேகம் சரியாகப் பொருந்த நுழைந்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி இடைவெளியைத் திரும்ப உண்டாக்க வேண்டும். வேகம் பொருந்தியிருந்தால் சின்ன இடைவெளியும் சமாளிக்கலாம். பொருந்தாவிட்டால் பெரிய இடைவெளியும் போதாது.

சேர்ந்த பிறகு அரை நிமிடம்

உள்ளே வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் பலர் செய்யும் தவறு, டப்பென்று காலை எடுப்பது அல்லது பிரேக்கைத் தொடுவது. முன்னால் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்துங்கள், அது போதும்.

ஒரு சின்ன பிரேக் என்ன செய்யும் என்பதை ஜப்பானில் அழகாகக் காட்டியிருக்கிறார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் யூக்கி சுகியாமாவும் அவர் குழுவினரும், 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகச் சுற்றச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுகல் இல்லை, விபத்து இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாகத் தளர்த்த, பின்னால் இருந்தவர் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தளர்த்த, கடைசியில் கார்கள் முழுதாக நின்றுவிட்டன. அந்த நெரிசல் ஓர் அலைபோல மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடியது. 2008இல் இந்த ஆய்வு வெளியானது. நெடுஞ்சாலையில் காரணமே இல்லாமல் வண்டிகள் நின்று நின்று நகர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சேரும்போது அடிக்கும் பிரேக் உங்கள் கண்ணுக்கே தெரியாத யாரையோ ஒரு கிலோமீட்டர் பின்னால் நிறுத்திவைக்கும்.

உடனே அடுத்த தடத்துக்குத் தாவவும் வேண்டாம். ஓரத் தடத்திலேயே கொஞ்ச தூரம் போய், சாலையின் வேகமும் சத்தமும் உங்களுக்குப் பிடிபட்ட பிறகு முந்துவதைப் பற்றி யோசிக்கலாம். வழிவிட்டவர் கண்ணாடியில் தெரிந்தால் ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குத் தேவைப்படும் நிலையில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இடமே கிடைக்காவிட்டால்

கிடைக்காத நாளும் வரும். முக்கியமான விஷயம், அதைச் சீக்கிரமே கண்டுபிடிப்பது. வளைவிலிருந்து பார்க்கும்போதே சாலை அடைத்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்தால், தடத்தின் தொடக்கத்திலேயே வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, முன்னால் இடத்தை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் இடைவெளி வரும்போது ஓடிப் பிடிக்கத் தரை இருக்கும். கடைசிவரை போய் நின்றால், நின்ற இடத்திலிருந்து 100ஐத் தொட 250 மீட்டர் வேண்டும், உங்களிடம் பத்து மீட்டர்கூட இருக்காது. நான் செய்த தவறின் முழு வடிவம் இதுதான்.

அப்படியும் நிற்க வேண்டி வந்துவிட்டால், பின்னால் வருபவருக்குத் தெரியும்படி பிரேக்கை முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் தொட்டு நிறுத்துங்கள். பெரிய இடைவெளி வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்பதற்காக உள்ளே பாயாதீர்கள். தடம் முடிந்து, நிறுத்தவும் முடியாமல், பக்கத்தில் வண்டியும் இருந்தால், அவசரத்துக்குச் சாலையோரப் பகுதியில் நேராகப் போவது பக்கத்து வண்டியில் மோதுவதைவிட எவ்வளவோ மேல். இணைப்புப் பாதையில் ரிவர்ஸ் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வழி தவறி ஏறிவிட்டாலும் சரி, அடுத்த வெளியேறும் வழிவரை போய்த் திரும்பி வாருங்கள்.

நீங்கள் ஏற்கெனவே சாலையில் இருக்கிறீர்கள் என்றால்

இப்போது மறுபக்கம். சேருபவர் புதியவராக இருக்கலாம், பயந்துபோயிருக்கலாம், குழந்தை பின்னால் அழுதுகொண்டிருக்கலாம். முன்னுரிமை உங்களுடையதுதான். அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முன்னால் சாலை சேரும் பலகையைப் பார்த்ததும் இணைப்புப் பாதையில் யாராவது வருகிறார்களா என்று ஒரு பார்வை போடுங்கள். வந்தால், சீக்கிரமே ஒரு முடிவு எடுங்கள். பக்கத்துத் தடம் உண்மையிலேயே காலியாக இருந்தால், கண்ணாடி பார்த்து, தோள் பக்கம் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு அங்கே போய்விடலாம். அவருக்கு மொத்தத் தடமும் கிடைக்கும். ஆனால் அவருக்கு வழிவிடும் ஆர்வத்தில், பின்னால் உங்களைவிட வேகமாக வருபவரின் முன்னால் போய் விழுந்துவிடாதீர்கள். பக்கத்துத் தடம் காலியில்லை என்றால் வேகத்தை ஐந்து, பத்து கிலோமீட்டர் தளர்த்தி முன்னால் இடம் உண்டாக்கலாம். அதுவும் முடியாவிட்டால், மாறாத வேகத்தில் போய்க்கொண்டே இருங்கள். நீங்கள் அப்படிப் போனால்தான் அவர் உங்களை வைத்துக் கணக்குப் போட முடியும். அவர் வேகத்தைக் கூட்டும்போது நீங்களும் கூட்டி, குறைக்கும்போது நீங்களும் குறைத்து, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போவதுதான் அவரை மிகவும் குழப்பும்.

இரண்டு விஷயங்கள் கூடவே கூடாது. ஒன்று, அவரை உள்ளே விடக் கூடாது என்று ஆக்சிலரேட்டரை அழுத்தி இடைவெளியை மூடுவது. எத்தனையோ நல்ல ஓட்டுநர்கள்கூட இதைத் தங்களை அறியாமல் செய்வதைப் பார்த்திருக்கிறேன், மனம் வருத்தமாக இருக்கும். ஒரு கார் முன்னால் போவதால் நாம் இழப்பது இரண்டு வினாடி. இரண்டாவது, நல்ல மனதோடு ஓடும் சாலையில் அப்படியே நிறுத்தி, "வா, வா" என்று கை காட்டுவது. உங்கள் பின்னால் 100இல் வருபவருக்கு அந்த நல்ல மனது தெரியாது, உங்கள் பிரேக் விளக்குதான் தெரியும்.

ஹெட்லைட்டை மின்னவைத்து வழிவிடுவதிலும் சிக்கல் உண்டு. ஒருவர் "நீ வா" என்ற அர்த்தத்தில் மின்னவைப்பார், இன்னொருவர் "நான் வருகிறேன், நில்" என்ற அர்த்தத்தில் மின்னவைப்பார். பிரிட்டன் கையேடு, நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பதற்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. நீங்கள் சேருபவராக இருக்கும்போது யாராவது மின்னவைத்தால், அதை நம்பி மட்டும் திரும்பாதீர்கள். அவர் வேகம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

லாரியும் பைக்கும்

லாரிக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். அவருடைய முன்கண்ணாடிக்கு நேர் கீழே சில மீட்டரும், இரண்டு பக்கவாட்டிலும் நீளமான பட்டைகளும் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பட்டையில் நீங்கள் போய்க்கொண்டிருந்தால் அவரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது. பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் இருக்கும் இடைவெளி, நாம் நுழைவதற்காக விட்டு வைத்தது மாதிரி கண்ணைக் கவரும். அது அவர் பிரேக் பிடிப்பதற்கு வைத்திருக்கும் இடம். கூடியவரை லாரிக்குப் பின்னால் சேருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக லாரிகள் 90 கிலோமீட்டரைத் தாண்டாதபடி கருவியே பொருத்தியிருப்பார்கள், ஆகவே அவர் ஓடி வழிவிடவும் முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது.

பைக் விஷயம் வேறு. உருவம் சின்னதாக இருப்பதால் அது தூரத்தில், மெதுவாக வருவதாக நம் கண் தப்புக் கணக்குப் போடும். "தூரத்தில்தானே" என்று தோன்றினால் இன்னொரு தரம் பாருங்கள்.

மெதுவாக நகரும் நேரத்தில் விதி மாறும்

நெரிசலில் எல்லாரும் 20, 30இல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது மேலே சொன்ன வேகக் கணக்கெல்லாம் வேண்டாம். தடம் முடியும் இடம்வரை வந்து, ஜிப் பல் மாதிரி இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று சேர்வதுதான் நல்லது. தடம் முடியும் இடங்களுக்கு ஜெர்மனியில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கடைசிவரை வருபவரைக் குறுக்கே புகுந்தவர் என்று சிலர் கோபிப்பார்கள். அந்தக் கோபம் நியாயமில்லை. இரண்டு தடத்தையும் கடைசிவரை பயன்படுத்தினால் வரிசையின் நீளம் குறையும், பின்னால் இருக்கும் சந்திப்பு அடைபடாது.

சில நகரங்களில் இணைப்புப் பாதையிலேயே சிக்னல் வைத்து, ஒரு பச்சைக்கு ஒரு கார், இரண்டு கார் என்று விடுவார்கள். சிகாகோவில் 1963இல் தொடங்கிய ஏற்பாடு இது. "காலியாக இருக்கிறதே, ஏன் நிறுத்துகிறார்கள்" என்று தோன்றும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு இப்படிப்பட்ட சுமார் 430 சிக்னல்களை ஆறு வாரம் அணைத்துப் பார்த்தார்கள். விபத்துகள் 26 சதவீதம் கூடின, நெடுஞ்சாலையில் போன வண்டிகளின் எண்ணிக்கை 9 சதவீதம் குறைந்தது. கும்பலாகச் சேராமல் ஒவ்வொருவராகச் சேர்வதற்கு அவ்வளவு மதிப்பு. சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது மட்டும், நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கிறீர்கள் என்பதால் காலைத் தாராளமாக அழுத்துங்கள்.

பழகுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வெளிச்சம் வந்தபின், மழை இல்லாத நாளாகப் பாருங்கள். நீளமான சேரும் தடம் உள்ள இடமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏறி, அடுத்த வழியில் இறங்கி, திரும்ப வந்து மறுபடி ஏறுங்கள். ஒரே காலையில் ஆறேழு தடவை செய்தால், பயத்தின் பாதி அங்கேயே கழன்றுவிடும். பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரை உட்கார வையுங்கள். ஆனால் முக்கியமான நொடியில் "இப்போ, இப்போ!" என்று அவர் கத்தக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என் தங்கைக்கு நான் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று பயணங்களில் அவள் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் சேரும் ஒவ்வொரு தடவையும் அவள்தான் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அந்த நீல வேனுக்குப் பின்னால்." முதல் நாள், வேன் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் சொன்னாள். மூன்றாம் நாள், வளைவு முடியும்போதே சொல்லிவிட்டாள், நானும் அதே இடத்தைத்தான் மனதில் குறித்திருந்தேன். அடுத்த வழியில் இறங்கி, ஓரமாக நிறுத்தி, சாவியை அவளிடம் கொடுத்தேன்.